கயிற்றின் கடைசியில் தம்பிராஜா

மலாய் மொழியில் காஜா பெராங் என்றால் கோபக்கார யானை என்று அர்த்தம். அந்தப் பெயருள்ள வட்டாரத்தில் யானையைக் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனால் தம்பிராஜா தெருவில் இறங்கினால் போதும், "இந்தா வந்துருச்சு" என்று நாலு பேர் சிரிப்பார்கள். நகராட்சியில் சாலை போடுகிற மனுஷன். எடை இருநூற்று முப்பத்தெட்டு பவுண்ட். அவர் கைதட்டிக் கூப்பிட்டால் பேச்சா என்கிற மூன்று சக்கர ரிக்ஷாக்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு மிதிப்பார்கள். கல்யாண வீட்டில் அவருக்கென்று இரும்பு நாற்காலி தேடுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் சுருக்கென்று தைக்கும்.

அந்த உடம்புக்கு மரியாதை கிடைத்த இடம் ஒன்றே ஒன்றுதான். நகராட்சி ஆட்களின் கயிறிழுக்கும் அணியில், கயிற்றின் கடைசியில், தோளில் வடத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கிற இடம். ஆறு வருஷமாக அது அவருடையது. அங்கே நின்றால் சிரித்த அதே வாய்கள் "தம்பிராஜா! தம்பிராஜா!" என்று தொண்டை கிழியக் கத்தும்.

அதற்கும் வந்தது ஆபத்து. 1957 ஜூலையில், மெர்டேக்கா என்கிற சுதந்திர விழாவின் விளையாட்டுப் போட்டிக்கான விதிகளை ஒட்டினார்கள். எட்டுப் பேரின் எடையும் சேர்ந்து ஆயிரத்து இருநூறு பவுண்டைத் தாண்டக் கூடாதாம். வேலைக்கு மேஸ்திரியும் அணிக்குத் தலைவருமான மண்டோர் சேதுபதி எல்லாரையும் இப்ராஹீம் நானாவின் அரிசிக் கடைக்கு ஓட்டிப்போய் மூட்டைத் தராசில் ஏற்றினார். ஆயிரத்து இருநூற்று இருபத்தைந்து.

"இருவத்தஞ்சு கூடுது" என்றார் நானா. எல்லார் கண்ணும் ஒரே ஆளைப் பார்த்தது. யாரை என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

"ஆறு வாரம் டைம் இருக்கு தம்பிராஜா" என்றார் சேதுபதி, மூஞ்சியில் ஈவு இரக்கமே இல்லாமல். "இறக்கிக் காட்டு. இல்லாட்டி தேவதாஸைப் போட்டுக்குவேன்."

தேவதாஸ் ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி. காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உருவம். அவனா கயிற்றின் கடைசியில்? தம்பிராஜா விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்குப் போய், "இன்னைக்கிலேருந்து எனக்குச் சோறு வேணாம்" என்று அறிவித்தார். இரண்டு நாள் வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் தார்ச்சட்டியோடு ரோட்டிலேயே மயங்கி விழுந்தார்.

மனைவி சாரதாம்பாள் விடுவாளா? கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். அங்கே வைத்தியம் பார்க்கிற டிரெசர் பொன்னுதுரை, யாழ்ப்பாணத்து மனுஷர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"பட்டினி கிடந்தால் கொழுப்புக்கு முன்னம் பலம்தான் கரையும் காணும். பிறகு கயிற்றை ஆர் இழுக்கிறது? சோற்றைப் பாதியாக்கும். மீனையும் கீரையையும் கூட்டும். சீனிப்பால் டின்னை அந்தப் பக்கம் வையும். விடிய எழும்பி நடவும்."

"ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணிங்க குடிக்கலாம்?"

"இப்ப எத்தனை?"

"ஒம்போது."

டிரெசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சீனி இல்லாமல் இரண்டு."

மறுநாளே சாரதாம்பாள் பால் டின்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோத்துக்கொண்டாள். "இனி எங்கிட்ட வந்துதான் திருடணும்" என்றாள். தட்டில் குவியலாகக் கங்கோங் கீரை, அவித்த கெம்போங் மீன் இரண்டு, ஒரு கைப்பிடிச் சோறு. "என்னடி இது, கோழிக்குப் போட்டதை எனக்கு மாத்தி வச்சிட்டியா?" என்று கத்தினார், கத்திக்கொண்டே தின்றார். விடியற்காலையில் செமாபோக் வரைக்கும் நடை. முதல் வாரம் போனதும் வந்ததும் முனகல்தான். மூன்றாம் வாரம் கைலி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஐந்தாம் வாரம் தார்ப்பீப்பாயைத் தனியாளாக உருட்டினார். மூச்சு வாங்கவில்லை. அட, இது நல்லாத்தான் இருக்கு என்று தோன்றியது.

ஆனால் ஒன்று மட்டும் அவரைப் போட்டு அறுத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மரத்தடியில் எட்டுப் பேரும் வட்டமாக உட்காருவது வழக்கம். இப்போது ஒருவனும் கூட உட்காரவில்லை. வடை என்றால் உயிரை விடுகிற கலியாணசுந்தரம், "வயிறு சரியில்லண்ணே" என்று நழுவினான். இன்னொருவன் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்றான். அவன் வெற்றிலையே போடுவதில்லை. சேதுபதி தூக்குச்சட்டியைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

"தேவதாஸுக்கு எடத்தைக் குடுத்து முடிச்சிட்டாங்க சாரதா" என்றார் தம்பிராஜா. "என் மூஞ்சியைப் பாத்துச் சாப்பிடக்கூட அவனுங்களுக்குக் கூசுது."

"நீங்க எடையை இறக்குங்க. மிச்சத்தை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றாள் அவள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு. பண்டார் ஹிலிர் திடலெல்லாம் கொடி, கடற்காற்று, ஒரே கூட்டம். தம்பிராஜா முதல் ஆளாகத் தராசில் ஏறினார். இருநூற்றுப் பதினொன்று. இருபத்தேழு பவுண்ட் இறங்கியிருந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சேதுபதியைப் பார்த்தார். சேதுபதி வேறெங்கோ பார்த்தார்.

மற்ற ஏழு பேரும் ஏறி இறங்கினார்கள். எடை எழுதின சீனக் கிராணி கூட்டிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை கூட்டினார். "ஆயிரத்து நூத்தி அம்பத்தி நாலு. இன்னும் நாப்பத்தாறு பவுண்ட் பாக்கி இருக்கு" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "சின்னப் பிள்ளை ஒண்ணு வேணுமா? கூட்டிக்கிட்டு வா!"

அப்போதுதான் தம்பிராஜா திரும்பி ஆட்களைச் சரியாகப் பார்த்தார். கன்னமெல்லாம் ஒட்டிப்போய், சட்டைகள் கொக்கியில் மாட்டின மாதிரி தொங்கின.

"என்னடா பண்ணித் தொலைச்சீங்க?"

கலியாணசுந்தரம் தலையைச் சொறிந்தான். "நீங்க இறக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்ணே. மத்தியானச் சோத்தை விட்டுட்டேன். யாருக்கும் சொல்லல."

"நானும்" என்றான் இன்னொருவன். "நானும்தாண்ணே." ஒருவன் இன்னொருவனுக்குச் சொல்லாமல் ஆறு பேரும் பட்டினி. ஏழாவது ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மண்டோரே, நீங்களுமா?"

"ஒம்போது பவுண்ட்" என்றார் சேதுபதி, கெட்ட வார்த்தை சொல்லுகிற குரலில். "தேவதாஸை வச்சிக்கிட்டு எவன்யா கயிறு இழுப்பான்?"

தம்பிராஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடப் பாவிங்களா" என்றார்.

எதிரில் செமாபோக் அணி, வயிறார நாசி லெமாக் தின்றுவிட்டு வந்து நின்றது. விசில் ஊதினார்கள். முதல் இழுப்பு கண்மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. இரண்டாவதில் கலியாணசுந்தரத்தின் கால் முதலில் மடங்கியது. அவன் மேல் அடுத்தவன், அவன் மேல் அடுத்தவன், எல்லாருக்கும் மேலே மண்டோர். ஏழு பேரும் புல்லில் குவிந்து கிடக்க, கயிற்றில் மிச்சம் நின்றது தம்பிராஜா ஒருவர்தான். குதிகாலை மண்ணில் ஊன்றினார். பல்லைக் கடித்தார். எதிரணி எட்டுப் பேர் இழுத்தும் கயிறு நகரவில்லை. கூட்டம் எண்ண ஆரம்பித்தது. கீழே கிடந்த ஏழு பேரும் எழுந்திருக்கத் தெம்பில்லாமல், படுத்தபடியே கைதட்டிக்கொண்டு எண்ணினார்கள். பத்து வரைக்கும் எண்ணினார்கள். பதினொன்றில் குதிகால் இரண்டும் திடலில் கோடு கிழித்துக்கொண்டே போக, தம்பிராஜாவும் தோற்றார்.

கோப்பை செமாபோக்குக்குப் போயிற்று. சீனக் கிராணி அடுத்த வருஷத்துக்கு இப்போதே பெயர் கேட்டார். "கடைசியில நிக்கிறது யாரு?" புல்லில் கிடந்த ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தம்பிராஜா எழுந்துபோய் ஒவ்வொருவனாகக் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்.

சாரதாம்பாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இடுப்பில் பெரிய சோற்றுப் பானை, கையில் மீன் குழம்பு. எட்டுப் பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"உக்காருங்க எல்லாரும், வட்டமா" என்றாள். "மண்டோரே, உங்களுக்கும் சேர்த்துத்தான். இன்னைக்குத் தட்டைக் காலி பண்ணாம எவனும் எந்திரிக்கக் கூடாது."

தம்பிராஜா நடுவில் உட்கார்ந்தார். ஏழு பேரும் ஆளுக்கொரு மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தார்கள்.