ஒன்றியம் எடுக்கச் சொன்ன முட்டு

பிள்ளைகளே, போன வாரம் ஒன்றியம் நம் காலனிக்கு ஓட்டுக் கேட்டு வந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று இரண்டு பேருமே கோபித்துக்கொண்டீர்கள். "இன்னாப்பா நீ, ஒரு பெரிய மனுஷன் கும்பிட்டுக்கினு நிக்கிறாரு, நீ பாட்டுக்கு பேப்பர் படிச்சிக்கினு கீற" என்றாள் பெரியவள். சின்னவன் எனக்கும் சேர்த்து அவருக்கு வணக்கம் வைத்தான். நான் பேப்பர் படிக்கவில்லை. அது தலைகீழாக இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. ஏன் எழுந்திருக்கவில்லை என்று வாயால் சொல்ல வரவில்லை, எழுதி வைக்கிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நம் பக்கத்தில் கட்சிப் பொறுப்பில் இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பொறுப்புதான் பெயர். மாவட்டம் கிளம்பிட்டாரு, கிளை இன்னும் சாப்பிடல என்று பேசிக்கொள்வார்கள். அப்படித்தான் ஒன்றியச் செயலாளராக இருந்த அவர் எங்களுக்கு ஒன்றியம். நீங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது அவர் கட்சி எதிர்க்கட்சி. வெள்ளைச் சட்டை, கையில் மடித்த துண்டு. கேமரா வருகிறது என்று யாராவது சொன்ன பிறகுதான் துண்டு தோளுக்கு ஏறும். எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார். மைக் கையில் வந்தால் போதும், ஏதோ கல்வெட்டைப் படிக்கிறவர் மாதிரி ஆகிவிடுவார்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அரசாங்கத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏறாதது நிஜம். திருப்புலிவனம் பக்கம் போகிற காலை பஸ் நின்றுபோய், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்தே போனது நிஜம். ரேஷன் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது நிஜம். காலனி வீடுகளின் கூரை உதிர்ந்துகொண்டிருந்ததும் நிஜம். நிஜத்தை மட்டுமே பேசிக்கொண்டு ஒருவன் இவ்வளவு அற்பனாகவும் இருக்க முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். பொய் பேசுகிறவனை எங்களுக்கு அடையாளம் தெரியும். இந்த மாதிரி ஆளுக்கு நாங்கள் தயாராக இல்லை.

நம்முடையது அரசாங்கம் என் அப்பா காலத்தில் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. மேல்தளத்துக்குள் இருந்த கம்பி துருப்பிடித்து ஊதி, அடிப்பக்கத்துக் காங்கிரீட்டைத் தள்ளிக்கொண்டிருந்தது. உலை வைத்த பானையில் பொருக்கு விழும். உங்கள் அம்மா தட்டு போட்டு மூடியே சமைப்பாள். நான் அப்போதும் இப்போது போலவே சென்ட்ரிங் வேலைதான். கூரைக்குப் பலகை அடித்து, பலகையின் கீழே சவுக்குக் கம்பு நிறுத்தி, காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்க வைப்பது. அந்தக் கம்புக்குத்தான் முட்டு என்று பெயர். எங்கள் மேஸ்திரி வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்: "இஞ்சினீரு சொன்னாலும் சரி, வூட்டுக்காரன் அழுதாலும் சரி, எடுக்க வேண்டிய நாளுக்கு முன்ன முட்டு மேல கை வெச்சியானா அந்தக் கைய ஒடிச்சுடுவேன்." நம் வீட்டில் சமையல் மூலைக்கு மேலே கூரை தொங்க ஆரம்பித்ததும், சைட்டிலிருந்து மூன்று கம்பு கேட்டு வாங்கி வந்து நானே முட்டு நிறுத்தினேன். உங்கள் அம்மா அந்தக் கம்பில் ஆணி அடித்துக் கரண்டி மாட்டிக்கொண்டாள். அப்படியே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருக்கலாம்.

அரசாங்க ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்தார். பழுது பார்க்கப் பட்டியல் எடுப்பதாகவும், கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். பேனாவை வாங்கப் போனேன். அதற்குள் ஒன்றியம் வந்து, கோயில் பக்கத்து வேப்ப மரத்தடியில் எங்களையெல்லாம் கூட்டி வைத்தார்.

"ரிப்பேருன்னு கையெழுத்து போட்டீங்கன்னா, வூடு நல்லாத்தான் கீதுன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். மேல கொஞ்சம் சிமெண்ட்ட அப்பிட்டு போயிடுவானுங்க. நமக்கு இன்னா வேணும்? புது வூடு. அது வர்ற வரைக்கும் எவன் பேனா நீட்டினாலும் தொடாதீங்க."

கேட்க நன்றாக இருந்தது. இரண்டு வீட்டார் மட்டும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார்கள். அவர்களோடு நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம். ஒரு மாதத்தில் அவர்கள் கூரைக்குப் பூச்சு ஏறியது. காட்டிக்கொடுத்தவன் வீட்டுப் பூச்சு என்று நான்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் நாக்கு கசக்கிறது.

பிறகு ஒரு நாள் காலை போட்டோக்காரனோடு நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசப்படியிலேயே குனிந்து, தலையில் தூசி விழாதபடி கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தொங்குகிற கூரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் பெண் பிடித்துப்போனால் வருமே, அந்தச் சந்தோஷம். அடுத்த நிமிஷம் முட்டைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி இது, கம்பு?"

"முட்டுங்க. கூரைக்கு."

"இது நின்னா போட்டோவுல பாதுகாப்பா இல்ல தெரியும்? எடுத்துடு."

"எடுக்கக் கூடாதுங்க. பாரம் அதும்மேலதான் கீது."

"ஒரு அஞ்சு நிமிசம்பா. கட்சிக்காரன் நீ, இதுக்குப் போய் பேஜார் பண்ணிக்கினு."

உங்கள் அம்மா கரண்டியை எல்லாம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "ஊரான் வூட்டு முட்டுன்னா தொட வுடமாட்ட" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் எடுத்தேன். எந்தக் கம்பை முதலில் தளர்த்த வேண்டும், எப்படித் தட்டினால் கூரை அதிராது என்று தெரிந்த கையால், தொழில் சுத்தமாக, மூன்றையும் எடுத்தேன். போட்டோ எடுத்தார்கள். மறுபடி நிறுத்தப் போனபோது ஒன்றியம் வாசலிலிருந்தே கையைக் காட்டினார். "இருக்கட்டும், நாளைக்கு டிவிக்காரன் வர்றான். அவன் எடுத்துட்டு போவட்டும்." மறுநாள் டிவிக்காரன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கம்புகளைச் சுவரோரம் சாத்தி வைத்துக்கொண்டு, ஒன்றியம் சொல்லட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தேன்.

கூரை விழுந்து அம்மாவின் கை போனது என்பது உங்களுக்குத் தெரியும். முட்டை எடுத்தது யார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் அம்மா இத்தனை வருஷத்தில் அதை ஒரு சண்டையில்கூடச் சொன்னதில்லை. அந்த வாரக் கடைசியில், நான் சைட்டில் இருந்தபோது, மத்தியானம், அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விழுந்த துண்டு முறத்தை இரண்டாக்கி, வலது மணிக்கட்டில் இறங்கியது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. திருமுக்கூடல் வரைக்கும் நடவுக்குக் கூப்பிட்டுப் போவார்களே, அந்தக் கை. நாற்று முடியைப் பிரிக்கிற வேகத்தில் பக்கத்தில் நிற்பவள் மேலெல்லாம் சேறு தெறிக்கும் என்பார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்றியம் வந்தார். போட்டோக்காரனும் வந்தான். ஆப்பிள் பையை அம்மா மடியில் வைத்தார். படம் சரியாக விழவில்லை என்று அவன் சொன்னதும், மடியிலிருந்து பையை எடுத்து இரண்டாம் தடவை வைத்தார். பிறகு என்னிடம், "அந்த முந்தானைய கொஞ்சம் நவுத்துப்பா, கட்டு தெரியட்டும்" என்றார்.

அம்மா கேட்டாள்: "கட்டு தெரிஞ்சா வூடு வந்துடுங்களா?"

"வரும்மா. இதும்மேல வராம போவுமா?"

முந்தானையை நவுத்தினது நான். அவர் இல்லை. அவரைக் கேவலம் என்று எழுதுகிறவன் இதையும் எழுதத்தான் வேண்டும்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஆர்ப்பாட்டம் வைத்தார். பெரிய பேனர். ஒரு பக்கம் அவர், துண்டு தோளில், ஒரு கையை நீட்டிச் சுட்டிக் காட்டிக்கொண்டு. அவர் காட்டுகிற இடத்தில் உங்கள் அம்மா, கட்டுப் போட்ட கையோடு. நிஜ அம்மாவை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெயிலுக்கு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டபோது யாரோ வந்து கட்டு மறைகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒன்றியம் மைக்கைப் பிடித்தார். தண்ணீர், பஸ், ரேஷன் என்று ஒவ்வொன்றாக வந்தார். எல்லாம் நிஜம். கடைசியில் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு ஏழைத் தாயின் தலைக்கு மேலே கூரை தொங்குகிறது. அந்தக் கூரைக்கு ஒரே ஒரு முட்டுக் கம்பு கொடுக்கக்கூட வக்கில்லாத ஆட்சி இது."

கைதட்டினார்கள். என் பக்கத்தில் நின்றவன் என் முதுகைத் தட்டினான். என் கையும் தட்டுவதற்கு எழுந்து பாதியில் நின்றது. முன்வரிசையில் அம்மா திரும்பி என்னைத் தேடினாள், பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். மேடையில் இருந்தவருக்கு அதைச் சொல்லும்போது குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன், தெரிந்தே சொன்னாரா என்று. அவர் மறந்தே போயிருந்தார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. திட்டம் போட்டுக் கெடுத்தவனாக இருந்தால் எனக்குக் கோபமாவது மிஞ்சியிருக்கும். நம் வீட்டுக் கூரை அவருக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவு பெரிய காரியமே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும், விழாமல் மிச்சமிருந்த கூரைக்கு மூன்று கம்பையும் நிறுத்தினேன். புது வீடு வரவில்லை. பட்டியலும் முடிந்துவிட்டிருந்தது. ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நானே துருவைச் சுரண்டி, கம்பி சேர்த்து, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேற்றினேன். நீங்கள் படித்து வளர்ந்தது அந்தத் தளத்தின் கீழேதான்.

போன வாரம் வந்தாரே, துண்டின் கரை வேறு நிறம். வேறு கட்சி. பேச்சு அதே பேச்சு: தண்ணீர், பஸ், வீடு. நம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "வூட்ட நல்லா வெச்சிக்கீறியே தம்பி, பேரு இன்னா?" என்று என்னைக் கேட்டார். உங்கள் அம்மா இடது கையால் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். இடது கையால் கொடுக்கிறாளே என்று அவர் முகம் லேசாகச் சுளித்ததை நான் பேப்பருக்கு மேலே பார்த்தேன். எழுந்திருக்காததற்கு வேறு காரணம் இல்லை.

ஆர்ப்பாட்டம் முடிந்த மறுநாள் நான் செய்த ஒன்றை உங்கள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. உச்சி வெயில், பஸ் நிலையத்தில் ஆள் இல்லை. பேனர் அப்படியே நின்றது. வேலைப் பையில் இருந்த ஆக்சா பிளேடால் உங்கள் அம்மா இருந்த இடத்தை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தேன். அவரைத் தொடவில்லை. அவர் கையை நீட்டி அந்த ஓட்டையைக் காட்டிக்கொண்டு நின்றார். படத்தைச் சுருட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் விரித்தேன். படத்தில் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. முந்தானையை நவுத்திவிட்டு ஓரமாக நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டுப் புழுதி படிந்திருந்தது. என் தோள் துண்டை ஏரியில் நனைத்துப் பிழிந்து முதலில் முகத்தைத் துடைத்தேன். பிறகு கையை, அழுத்தாமல் துடைத்தேன்.