சிவப்பு ரிப்பன் கட்டிய பயறு

பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். பூவுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். தட்டைப்பயறில் புது ரகம் உருவாக்கும் திட்டத்தில் தற்காலிக ஊழியன் நான். விடிகிற நேரத்தில் குத்தவைத்து, மொட்டுக்குள் இடுக்கியை விட்டு மகரந்தம் மாற்றுவேன். பூக்களுக்கெல்லாம் ஆயிற்று, எனக்குத்தான் ஆகவில்லை.

ஒரு பக்கம் நாட்டுப் பயறு. இரும்புச் சத்து உண்டு, ஆனால் கொடியோடி வேலி ஏறும், காய்ப்பு ஏனோதானோ. மறுபக்கம் குத்துச்செடி. காய்த்துத் தள்ளும், சத்து சப்பென்று இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க ஆறு போகம் அலைந்தேன். கடைசிப் போகம் கீழப்பாவூரில், ஓர் அக்காவின் வயலில். அதோடு திட்டம் முடிகிறது.

அந்த வயலில் ஒரே ஒரு செடி நான் நினைத்தபடி வந்தது. முழங்கால் உயரம், இலையை மறைக்கும் காய். அதன் தாய்ச்செடி விதையை அரைத்துப் பார்த்ததில் சத்தும் தேறியிருந்தது. செடியிலேயே காய் காய்ந்தால்தான் விதை. யாரும் பறித்துவிடாதபடி சிவப்பு ரிப்பன் கட்டினேன்.

"தம்பி, இதுக்கு மட்டும் எதுக்கு ரிப்பன் கட்டிருக்கிய?" என்றார் அக்கா.

விளக்கியிருக்கலாம். உச்சி வெயில், சோம்பல், அதைவிட என் வாய்.

"இதுலதான் ருசி ஜாஸ்திக்கா. பிஞ்சு முத்துனதும் நானே தின்னுருவேன். யார்ட்டயும் சொல்லிராதிய."

அக்கா சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் மேலதிகாரிகளுக்கு ஆய்வு ஞாபகம் வந்துவிடும். அந்த முறையும் ஒருவர் வந்தார். மூன்று நாள் ஐந்தருவி, பழைய அருவி என்று அவருக்குத் துண்டு சுமந்தேன், எண்ணெய் தேய்க்க ஆள் பிடித்தேன். நாலாம் நாள் கிளம்பும் வழியில்தான் வயலை எட்டிப் பார்க்க வந்தார். பசி வேளை. அக்கா இலை போட்டுவிட்டார். கத்தரிக்காயும் பச்சைத் தட்டைப்பயறும் போட்ட புளிக்குழம்பு.

"பிரமாதம்மா" என்றார் அதிகாரி.

நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்றாவது தடவைக்கும் இலையை நகர்த்தினேன்.

கை கழுவத் தொழுவத்துப் பக்கம் போனபோது கன்றுக்குட்டி கழுத்தில் சிவப்பு ரிப்பன் பார்த்தேன்.

"என்னக்கா இது?"

"அழகா இருக்குல்லா? மூணு நாளா உங்களக் காணல. காய் முத்திப் போயிருமோன்னு பயந்துட்டேன். இன்னிக்கு வாரேன்னு போன் வந்துச்சா, காலையிலயே பறிச்சுட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கேட்டா, ஒரு காய் குடுக்கலயே! செடியப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டேன். நீங்க சொன்னது சரிதான் தம்பி, நல்ல ருசி."

மாடு அசைபோட்டுக்கொண்டிருந்தது. பயறு உரித்த தோல் குவியலைக் கிளறினேன். புழு குடைந்த ஒரு காய் கிடைத்தது, உள்ளே மூன்று பச்சை விதை. பிறகு நட்டுப் பார்த்தேன், அழுகிப் போயின.

அதிகாரி ஏப்பம் விட்டபடி வந்தார். "நீர் சொன்ன அந்தச் செடி எங்கய்யா?"

"சாப்பிட்டாச்சு சார்."

எப்போதும்போல் விளையாடுகிறேன் என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "பூச்சித் தாக்குதல்னு எழுதிரும்" என்று காரில் ஏறினார். எழுதிக் கொடுத்தேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. தேவையில்லாத நேரமெல்லாம் வருகிற வாய். "அடுத்த போகமும் நம்ம வயல்லயே போடுங்க தம்பி" என்று சொல்லி, மிச்சக் குழம்பை ஒரு தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்தார். நான் தங்கியிருந்த மேலகரம் வரைக்கும் பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். ராத்திரி அதையும் தின்று முடித்தேன். கொட்ட மனசு வரவில்லை.