அத்தை விமானம் ஏறிய ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி கன்னியம்மா. என் தம்பி ஏழுமலை. பக்கத்து வீட்டு ராஜரத்தினம், வேலையாட்கள் உள்ளே வெளியே போகிற நேரம் எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க். அவரும் தம்பியும் இன்னும் இருக்கிறார்கள், சந்தேகம் என்றால் கேட்டுக்கொள்ளலாம்.

பேய், ஆவி எதையும் நான் நம்பினவனில்லை. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை. பூமிக்கு அடியில் அத்தனை இருட்டில் பார்க்காததை மேலே வந்தா பார்க்கப்போகிறேன் என்பேன்.

அறுபதுகளின் கடைசி. சிங்கப்பூரில் கன்னியம்மாவின் தங்கைக்குப் பிரசவம். பார்த்துக்கொள்ள என் மாமியார் மெட்ராஸில் விமானம் ஏறினார். அத்தை பஸ் ஏறினாலே கண்ணை மூடிக்கொள்கிறவர். காது அடைக்கும், சுரங்கத்தில் கேஜ் கூண்டில் இறங்கும்போது நாங்கள் செய்கிற மாதிரி எச்சிலை முழுங்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன்.

ராஜரத்தினம் கணக்குப் போட்டார். ஆயிரத்து எண்ணூறு மைல், நாலு மணி நேரம். காலை பத்துக்குக் கிளம்பினால் நம் கடிகாரத்துக்கு இரண்டு மணிக்கு இறங்கும், ஆனால் அங்கே அப்போது நாலு மணி என்றார்.

"அப்போ திரும்பி வர்றப்போ அத்தைக்கு ரெண்டு மணி நேரம் வயசு கொறையுமா?" என்றான் ஏழுமலை.

கன்னியம்மா சிரிக்கவில்லை. காலையிலிருந்தே அவளுக்கு அம்மா நினைப்புதான்.

பன்னிரண்டு மணி. இப்போது நடுக்கடல் என்றார் ராஜரத்தினம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, அத்தை உள்ளே வந்தார்.

"காது அடைக்குது மாப்ளே."

நான் யோசிக்கவே இல்லை. "எச்சில முழுங்குங்க அத்தே" என்றேன்.

முழுங்கினார். நேராக அடுப்பண்டை போனார். குழம்பை விரலில் தொட்டு நக்கினார்.

"இன்னாடி இது, உப்பே போடல. நான் ஒரு நாள் இல்லன்னா இப்டித்தானா?"

உப்பைப் போட்டார், கிளறினார், குழம்பு கொதித்து இறங்கும்வரை அங்கேயே நின்றார், நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி. பிறகு நேரமாச்சு என்று வாசல் வழியாகப் போய்விட்டார். ஏழுமலை பின்னாலேயே ஓடினான். வெளியே ஒரு கோழிதான் நின்றதாம். ராஜரத்தினம் டைம் ஆபீஸ் பழக்கத்தில் நேரம் பார்த்திருந்தார். உள்ளே பன்னிரண்டு, வெளியே பன்னிரண்டு இருபது.

அம்மா செத்துட்டா, சொல்லிட்டுப் போக வந்தா என்று கன்னியம்மா அழுதாள். எனக்கும் வேறு தோன்றவில்லை. குழம்பை யாரும் தொடவில்லை.

மறுநாள் நான் ஷிப்டுக்குப் போகவில்லை. பத்து மணிக்குத் தந்தி வந்தது. சுகமாக வந்து சேர்ந்தார். ராஜரத்தினத்தை மூன்று முறை படிக்கச் சொன்னாள் கன்னியம்மா. அப்புறம் அந்தக் குழம்பையே சூடு பண்ணி நாலு பேரும் சாப்பிட்டோம். உப்பு சரியாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து அத்தை திரும்பினார். நடந்ததைச் சொன்னோம்.

"நான் ஏறினதும் தூங்கிட்டேன். நீங்க இன்னாத்த குடிச்சிட்டுக் கெடந்தீங்களோ" என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம். இன்றைக்கும் சிரிப்போம்.

அத்தை கையில் சகலை ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. விமானம் நேரத்துக்குக் கிளம்பியதாம். வழியில் மழையில்லை, காற்றில்லை. ஆனாலும் தாமதமாக இறங்கியது, ஏன் என்று ஓட்டினவருக்கே தெரியவில்லை என்று எழுதியிருந்தார். எவ்வளவு தாமதம் என்றும் இருந்தது.

இருபது நிமிஷம்.