மூன்று ஆமென்

மூச்சு விடுவதற்காக யாராவது வீடு வாங்குவார்களா, சொல்லுங்கள்? நாங்கள் வாங்கப் போனோம்.

ராஜபாளையத்தில் எங்கள் வாடகை வீட்டின் பின்சுவரும் பருத்தி அரைக்கும் ஜின் பேக்டரியின் சுவரும் ஒன்றுதான். அப்பாவுக்கு அங்கேயே கிளார்க் வேலை. பருத்தி வரும் மாதங்களில் பஞ்சுத் தூசி சோற்றில் விழும், தலையில் விழும், அம்மாவின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இடத்தை மாற்றுங்கள், மருந்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் அப்போதுதான் பாளையங்கோட்டையில் இன்டர் முடித்துவிட்டு, வாய் நிறைய இங்கிலீஷோடு வந்து இறங்கியிருந்தேன். அந்த இங்கிலீஷ் அம்மாவின் இருமலுக்கு முன்னால் காலணா பெறவில்லை.

தரகர் ஒருவர் வந்தார். மாட்டுக்கும் வீட்டுக்கும் சேர்த்தே தரகு பார்க்கிறவர். ஸ்ரீவில்லிபுத்தூரில், மேற்கே மலையைப் பார்த்த தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றார்.

"சுழி சுத்தமான வீடு அய்யா. முட்டாது, மொரண்டு பண்ணாது."

"பால் எம்புட்டுக் கறக்கும்?" என்றேன் நான்.

"ஏட்டி, சும்மா கெட," என்று அம்மா சிரிக்கப் போய், அந்தச் சிரிப்பே இருமலாகி, செத்த நேரம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் எங்களைத் தவிர வேறு ஆளே இல்லை. இருந்தும் தரகர் விலையை வாயால் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு, மாட்டுச் சந்தையில் செய்கிற மாதிரியே, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசினார். அப்பா ஒரு விரலை விடுவித்துக்கொள்வார். தரகர் விளக்கெண்ணெய் குடித்தவர் போல முகத்தைச் சுளிப்பார். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் போய், வீட்டை விற்கிற அம்மாவுக்காகப் பேச வந்த அவருடைய அண்ணன் கைமேல் அதே துண்டைப் போடுவார். இப்படிப் போய் வந்து, போய் வந்து, கடைசியில் நாங்கள் பயந்ததைவிடக் குறைவாகவே படிந்தது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் தரகர் தொண்டையைச் செருமினார்.

வீட்டுக்கார அம்மா விதவை. மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். ஒரே மகள், வயசுக்கு வருவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பிள்ளையைக் கன்னித் தெய்வமாக மூலை அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். யார் வாங்கினாலும் வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஒரு விளக்குப் போட வேண்டும். வீட்டு விலை இறங்கி வந்ததற்குக் காரணமும் அதுதான்.

"நாங்க வேதக்காரங்கன்னு சொன்னீரா இல்லையா?" என்றார் அப்பா. எங்கள் பக்கம் கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வார்கள்.

"சொன்னா எப்படிப் படியும்? நம்ம ஆளுகதான்னு சொல்லி வச்சிருக்கேன். ஒங்க பேரும் எந்தச் சாமி பேரும் இல்ல, எனக்கு வசதியாப் போச்சு. அம்மா நெத்தியில ஒரு பொட்டு மட்டும் வச்சுக்கிட்டு வரட்டும். பத்திரம் முடிஞ்ச பொறவு யாரைக் கும்பிட்டா எனக்கென்ன?"

அப்பா சாப்பிடும் முன் ஜெபம் தவறினால் தட்டையே தள்ளி வைக்கிற மனிதர். வெடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். உள்ளே அம்மா இருமத் தொடங்கினாள். அது நிற்கவே இல்லை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பத்திரம் வரைக்கும்தான?" என்று மட்டும் கேட்டார்.

வீடு பார்க்க அம்மாவும் நானும் தரகரோடு போனோம். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடையாது. கரி அடுப்பை முதுகில் கட்டிய பஸ் புகையும் சாம்பலுமாய்க் கொண்டுபோய் இறக்கிவிட்டது. பஸ் நின்ற இடத்திலேயே தரகர் மடியிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அம்மா வைத்துக்கொண்டாள். கோணலாக இருந்தது. நான்தான் துடைத்து நேராக்கினேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டுப் புறவாசலில் மலைக்காற்று நேராக வந்து மோதியது. அம்மா வாயைத் திறந்து, தண்ணீர் குடிக்கிற மாதிரி அந்தக் காற்றைக் குடித்தாள். இருமல் வரவில்லை. வரும் வரும் என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன், வரவில்லை.

மூலை அறையில் ஓர் ஓலைப்பெட்டி. உள்ளே நீலப் பாவாடையும் கண்ணாடி வளையல்களும்.

"வெள்ளிக்கிழம ஒரு திரி போடுவீகளா?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"போடுதேன்க்கா."

அவர் பெட்டிப் பக்கம் திரும்பினார். "கேட்டியாட்டி? இனிமே இந்த அம்மா ஒன்னியப் பாத்துக்கிடுவாக."

அச்சாரம் கொடுக்க ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். அன்று அப்பாவும் வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய் வைத்த தட்டில் அப்பா பணத்தை வைத்தார். வீட்டுக்கார அம்மா அதை எடுத்துக்கொண்டு, வெற்றிலை பாக்கை அம்மாவிடம் நீட்டி, "மகராசியா வாழுங்க," என்றார். காரியம் முடிந்தது. அம்மாவின் முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. வெற்றிலையை வாங்கிய கையோடு தலை குனிந்தாள், கண்ணை மூடினாள். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்."

அப்பா, "ஆமென்," என்றார்.

நானும், "ஆமென்."

தினம் சோற்றுக்கு முன்னால் பழகிய வாய்கள். தானாக வந்துவிட்டது. தரகர் மட்டும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

வீட்டுக்கார அம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வேதக்காரகளா நீங்க?" என்றார்.

"யாரா இருந்தா என்னம்மா, மனுசங்கதான," என்று தரகர் குறுக்கே விழுந்தார்.

"நீரு சும்மா இரும். முன்னாடியே சொல்லிருந்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு நான் போயிருப்பேன். அண்ணன் வீட்டுல ஒரு மூல கெடைக்காதா? இப்ப எம்பிள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டேனே. அவகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"நான் திரி போடணும்னுதான் நெனச்சேன்க்கா," என்றாள் அம்மா. "நெசமாத்தான்."

அப்பா சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். வேற்று ஆளைப் பார்க்கிற பார்வை. வீட்டுக்கார அம்மா பணத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

தெருவுக்கு வந்ததும் தரகர் எங்கள்மேல் பாய்ந்தார். "மூணு பேருல ஒருத்தருக்காவது வாய மூட முடியலயா? பேசி முடிச்ச மாட்டக் கயித்த அத்து வெரட்டிட்டீகளே!" பஸ்ஸில் அப்பா ஒரு சீட்டிலும் அம்மா ஒரு சீட்டிலுமாக உட்கார்ந்து வந்தார்கள்.

பிறகு ஒரு நாள், பேசியே சாதித்துவிடலாம் என்ற திமிரில் நான் தனியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வீட்டுக்கார அம்மா மோர் கொடுத்தார். "இப்ப மறைக்காமக் கேக்கேன். பெட்டிய எடுத்துக்கிட்டு வீட்ட எங்களுக்குக் குடுங்க," என்றேன்.

"பூக்கட்டிப் பாத்தேன் பாப்பா. எடம் மாற மாட்டேன்னு வந்துட்டு. அவ போகாம நான் எங்க போக?"

மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். தரகர் அதற்குப் பிறகு எங்கள் வாசலுக்கு வரவில்லை. அப்பா வேறு வீடு தேடவும் இல்லை. அம்மாவிடம் பொட்டைப் பற்றியோ திரியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை, வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று, அம்மா இப்போது சுவரில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.