நாலாவுக்கு அந்தப் பக்கம்

நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டுத்தான் சஃபீனா டீச்சர் பாடத்தைத் தொடங்குகிறார். எந்த வகுப்பானாலும் முதல் வேலை அதுதான். கேட்டால், "உக்காந்தா தூக்கம் வரும். எனக்கில்ல, புள்ளைகளுக்கு" என்பார். கறுப்புத் தலைத்துணிக்குள் காதோரமாகச் செருகிய சாக்பீஸ், மத்தியானத்துக்குள் கன்னத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துவிடும். அதைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் பயம் கிடையாது. சொன்னாலும் அவர் துடைப்பதில்லை.

தாராவியில் இருக்கும் அந்தத் தமிழ்வழி ஆரம்பப் பள்ளியில் அவருக்கென்று சொந்தமாக ஒரு வகுப்பு இல்லை. ஒப்பந்த ஆசிரியை. எந்த டீச்சர் லீவு போட்டாலும் அந்த வகுப்பு அன்றைக்கு இவர் தலையில். வேறு யாராக இருந்தாலும் பிள்ளைகளை அடக்கி உட்கார வைத்தோம், பெல் அடித்தது, போனோம் என்று இருந்துவிடலாம். இவருக்கு அது ஆகாது. அப்பாவின் பை தைக்கும் பட்டறையில், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பாடம் படித்தவர். அமைதியான வகுப்பைக் கண்டாலே அவருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வராது. பதில் சரியில்லை என்றால், "போயி பாத்துட்டு வா" என்பார். காக்காயின் கழுத்து கறுப்பு என்று சொன்ன பையனை அப்படித்தான் ஜன்னலுக்கு அனுப்பினார். வகுப்பே அவன் பின்னால் ஓடியது. "சாம்பல் கலர் டீச்சர்!" என்று அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பின் கணக்குப் பாடம் நின்றுபோனது.

இந்த வாரம் பள்ளி முழுவதற்கும் ஒரே பாடம், 'நம் ஊர்'. நன்கொடை தரும் அறக்கட்டளைக்காரர்கள் சனிக்கிழமை வருகிறார்கள், பிள்ளைகள் கற்றது சுவரில் இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியை ஷ்யாமளா மேடம் சொல்லியிருந்தார். பொறுப்பு சஃபீனா டீச்சருக்கு. அவர் வகுப்பு வகுப்பாகப் போய் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். வரும் வழியில் மூக்குக்கு என்னென்ன எட்டுகிறது என்று ஒன்றாம் வகுப்பு சொன்னது: பேக்கரி, தோல், காயும் அப்பளம். இரண்டாம் வகுப்பு சந்துகளைக் காலடியால் அளந்தது. மூன்றாம் வகுப்பு கடைப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தது. நான்காம் வகுப்பு சார்ட் தாள்களை ஒட்டி, எல்லாவற்றையும் ஒரே வரைபடமாக்கியது. விளையாடும்போது இந்திக்குத் தாவிவிடும் பிள்ளைகள் இதற்காகத் தமிழில் சண்டை போட்டார்கள்.

"ஏலே, தண்ணி பைப்பு அந்தப் பக்கம்லா இருக்கு!"

"இல்லல, பேக்கரிக்கு எதுத்தாப்ல!"

"ரெண்டு பேரும் போயி பாத்துட்டு வாங்க" என்றார் டீச்சர்.

ஒரே ஒரு கோளாறு. பள்ளிமேல் பாசம் முற்றி, அதை அரண்மனை அளவுக்கு வரைந்துவிட்டார்கள். நாலா வந்ததும் தாள் தீர்ந்தது. குடிசைகளை ஒட்டி ஓடும் பெரிய சாக்கடைக் கால்வாய்க்கு இங்கே நாலா என்றுதான் பெயர். அதை ஒளிக்காமல், கறுப்பாகவே தீட்டியிருந்தார்கள். மூன்றாம் வகுப்பு மெஹக்கின் வீடு அதற்கு அந்தப் பக்கம்.

"என் வீடு கிதர் டீச்சர்? எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"வரும்ட்டி. இன்னொரு தாள் வாங்கிட்டு வாரேன்."

தாள் கேட்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. அதுவரை எட்டிப் பார்க்காத ஷ்யாமளா மேடம், வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னார். வசதியானவர்கள் இருக்கும் மாட்டுங்கா பகுதியிலிருந்து வருகிறவர், கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை.

"என்ன சஃபீனா, சாக்கடையைப் போய் இவ்வளவு பெரிசா வரைய விட்டிருக்கே?"

"இருக்குத அளவுக்குத்தான் மேடம் வரைஞ்சிருக்கு புள்ளைக."

"போன வருஷம் வந்தவா அதை மட்டும்தான் போட்டோ எடுத்துண்டு போனா. குழந்தைகளைப் பார்த்து ஐயோ பாவம்னா. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

அதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த 'ஐயோ பாவம்' காதில் விழுந்தால் சஃபீனா டீச்சருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். ஆனாலும் அவர் விடவில்லை.

"நாலாவ அழிச்சா, அதத் தாண்டி வார புள்ளையையும்லா மேடம் அழிக்கணும்?"

மேடம் தாள் கொடுக்கவில்லை. "இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்ட் முடியறது. கையெழுத்து நான்தான் போடணும்" என்று மட்டும் நினைவூட்டினார்.

சனிக்கிழமை காலையில் வந்து பார்த்தால், வரைபடம் சுருட்டப்பட்டு அலமாரியின் மேல் கிடந்தது. அதை ஒட்ட வேண்டிய சுவரில் கடையில் வாங்கிய பளபளப்பான சார்ட். ஓட்டு வீடு, தென்னை மரங்கள், மலை, வளைந்து ஓடும் நீல ஆறு. மேலே 'நம் ஊர்' என்று அச்சடித்திருந்தது. அதன் முன்னால் நின்று மெஹக் தன் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இது யார் ஊரு டீச்சர்?"

படிக்கட்டில் விருந்தினர்களின் குரலும், ஷ்யாமளா மேடத்தின் ஆங்கிலமும் ஏறி வந்துகொண்டிருந்தன. மேடம் போட வேண்டிய கையெழுத்து சஃபீனா டீச்சருக்கு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது, வந்துவிட்டுப் போனது. கடைச் சார்ட்டைக் கழற்றினார். பிள்ளைகளின் வரைபடத்தை இறக்கி, அதன் இடத்தில் ஒட்டினார். கழற்றிய சார்ட்டைக் கிழிக்கவில்லை, திருப்பினார். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதை நாலாவின் ஓரத்தோடு சேர்த்து வைத்து டேப் போட்டார். ஆறும் தென்னையும் சுவரைப் பார்த்துக்கொண்டன.

மெஹக் எம்பிப் பார்த்தாள். கை எட்டவில்லை.

வாசலில் கூட்டம் வந்து நின்றது. ஷ்யாமளா மேடத்தின் பார்வை சுவரில் பட்டு அங்கேயே நின்றது. "கொஞ்சம் வழி விடுங்க" என்று விருந்தினர்களை விலக்கிக்கொண்டு சஃபீனா டீச்சர் வெளியே போனார். வராந்தாவில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் போட்டார். மெஹக்கை அதன்மேல் ஏற்றி, கையில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்தார். பிறகு நாற்காலி ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.