கோமதி காத்திருந்த வெளிச்சம்

திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் இருந்தபோது கோமதியின் கணவர் சேகர் அழைத்தார். "விடியக்காலைல போயிட்டா முரளி. ரொம்பக் கஷ்டப்படல," என்றார். பேசி முடித்துவிட்டு மீட்டிங்குக்குத் திரும்பி, என் முறை வந்தபோது வார அறிக்கையைச் சொன்னேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மரத்துப்போன உணர்வு இன்னும் விடவில்லை.

மில்பிடாஸ் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தோம். உங்களில் பலருக்கு அவர் டெஸ்டிங் கோமதி. வாத்துகளைப் படமெடுக்கும் கோமதியைப் பார்க்க, சனிக்கிழமை காலையில் வளைகுடாவின் சதுப்புக் கரைக்கு வந்திருக்க வேண்டும்.

பஃபிள்ஹெட் என்றொரு சின்ன வாத்து குளிர்காலத்தில் இங்கே வரும். ஆண் வாத்துக்கு உடம்பு வெள்ளை, தலை கறுப்பு. தலை தெரியும்படி எடுத்தால் உடம்பு வெளுத்துப்போகும். உடம்புக்குச் சரிசெய்தால் தலை கரித்துண்டாகிவிடும். உண்மையில் அந்தத் தலை கறுப்பே இல்லை. தாழ்ந்த வெயில் நம் முதுகுப் பக்கமிருந்து விழுந்து, வாத்தும் சரியாகத் திரும்பினால் பச்சையும் ஊதாவும் மின்னும். அதற்காக நான்கு குளிர்காலம் உட்கார்ந்திருந்தார் கோமதி. பாதி நாள் மூடுபனி, மீதி நாள் கண் கூசும் வெயில். நான் சலித்துக்கொண்டால், "லைட் வரலன்னா வரல முரளி. எந்த மேனேஜர்கிட்ட எஸ்கலேட் பண்றது?" என்பார்.

போன ஜனவரியில், கீமோவுக்கு நடுவே ஒரு சனிக்கிழமை, "கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டார். மடக்கு நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தார். பனி விலகியது. வாத்துகள் மெல்ல எங்கள் பக்கம் வந்தன. எனக்குத்தான் பொறுக்கவில்லை. எழுந்து நான்கடி முன்னால் போனேன். கூட்டம் முழுவதும் சடசடவென்று எழும்பியது. என் கேமராவில் விடாமல் அழுத்தினேன். ஒரு படத்தில் அந்தப் பச்சை விழுந்திருந்தது. பெருமையாக நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆனா இது பயந்து ஓடற வாத்து." லென்ஸை மூடினார். "போலாம். டயர்டா இருக்கு."

ஃப்ரீவேயில் டிராஃபிக்கைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டு வந்தேனே தவிர, மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கரைக்கு வந்தது அதுவே கடைசி. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நான் எழுந்திருக்கக் கூடாது," என்றேன்.

"கூடாதுதான்," என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. "சாப்பிட்டுப் போங்க," என்றார். சாப்பிட்டேன்.

அஞ்சலிக் கூட்டத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க, சேகர் கோமதியின் மெமரி கார்டைக் கொடுத்தார். சாம்பல் நிறத்திலும் வெளுத்தும் ஆயிரக்கணக்கான படங்கள். பச்சை எதிலும் இல்லை. அந்த ஜனவரிக் காலையின் கடைசிப் படம் நான் எழுவதற்குச் சற்று முன் எடுத்தது. உடம்பு வெளுத்திருக்கிறது, தலை கரியாக இருக்கிறது. எங்களுக்கு இருபதடி தூரத்தில் அந்த வாத்து அலகை முதுகுச் சிறகில் செருகித் தூங்கிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்துக்கு வேறொன்றைக் கொடுத்தேன். இதை நான் வைத்துக்கொண்டேன்.