ஓடுபாதை ஓரத்தில் சத்தம் அளந்த நாட்கள்

சத்தம் அளக்கிற வேலையில் வாயைத் திறக்கக் கூடாத ஒரே ஆள், அளக்கிறவன்தான். மீட்டருக்குப் பக்கத்தில் நாம் பேசினால் அதுவும் விமானத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். திருச்சி விமான நிலையத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள், சத்தம் எந்த வீடு வரைக்கும் எட்டும் என்று பார்த்து வா என ஒரு தனியார் கம்பெனி என்னை அனுப்பியது. யாரோ எடுத்த முடிவுக்காக வீடு வீடாகப் படியேறி வசவு வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

நோட்டு வைத்திருந்தவர்

விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டில் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர். வீட்டுக்கு மேலே போகும் ஒவ்வொரு விமானத்தையும் நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்திருந்தார். எந்த விமானம் வரும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும், எது வந்தால் டிவியில் செய்தி கேட்காது என்றெல்லாம் குறிப்பு. ஒருநாள் யாராவது வந்து கேட்பார்கள் என்றே எழுதியிருக்கிறார். நான் போனதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. மொட்டை மாடியில் எனக்கு நாற்காலி போட்டு, அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அன்றைக்குப் பார்த்துக் காற்று திசை மாறிவிட்டது. விமானங்கள் எல்லாம் மறுபக்கமாக ஏறிப் போயின. மாலை வரை மீட்டரில் காக்கை சத்தம்தான் பதிவாகியிருந்தது. இன்னொரு நாள் ஒதுக்கச் சொல்லி ஆபீஸில் கேட்கிறேன் என்றேன். அவர் நோட்டை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார்: "நீங்க கேப்பீங்க சார். நீங்க வர்ற அன்னைக்கு அது வரணுமே."

பாதி வாக்கியம்

ஓடுபாதைச் சுவருக்குச் சற்றுத் தள்ளி ஒரு தொடக்கப் பள்ளி. மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் மீட்டரோடு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார். இரைச்சல் கிளம்பியதும் வார்த்தையின் நடுவில் நிறுத்தினார். பிள்ளைகள் யாரும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை, விரலை அந்த எழுத்திலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சத்தம் அடங்கியதும் டீச்சர் மீதி வார்த்தையைச் சொல்ல, விரல்கள் நகர்ந்தன.

ரொம்ப ஒழுங்கான பிள்ளைகள் என்றேன், வேறென்ன சொல்வது. டீச்சர் சிரிக்கவில்லை. "வெளியூர் ஸ்கூலுக்கு மாறிப் போன பிள்ளைங்க, அங்கயும் நடுவுல நிறுத்திட்டு நிக்குதாம் சார்."

பாதிப்பு உண்டா, இல்லையா

மும்தாஜ் என்ற பெண்ணின் வீட்டில் மாமனார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் அவர் உடம்பு தூக்கிப் போடுகிறது. மும்தாஜ் அடுப்படியில் இருந்தாலும் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். நான் இருந்த நேரத்திலேயே மூன்று முறை ஓடி வந்தார்.

கணவருக்கு ஷார்ஜாவில் வேலை. நான் கொண்டுபோன படிவத்தில் 'விமான சேவையைக் குறைக்க வேண்டுமா' என்ற கேள்வியை வாசித்துக் காட்டினேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சத்தம் தாங்கலன்னு எழுதிக்குங்க. ஃப்ளைட்டக் குறைக்கச் சொல்லி மட்டும் எழுதிடாதீங்க, அவங்க அதுலதான் வரணும்."

அமைதியான இடம்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அமைதியான இடம் வேண்டும் என்று ஆபீஸில் ஸ்ரீரங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் குடியிருக்கும் ஊர். சொன்னால் கேட்கவா போகிறார்கள்? வீதியில் மீட்டரை வைத்த அரைமணியில் மேளம், வெடி, ஆட்டோ ஹாரன். முள் ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் அருகில் வந்தார். "வேற எதை வேணும்னாலும் எழுதிக்கோங்கோ. பெருமாள் புறப்பாட்டை மாத்திரம் சத்தம்னு எழுதிடாதீங்கோ."

ஒரே சுவர்

கடைசியாக வரைபடம் வந்தது. சத்தம் எட்டும் எல்லை என்று போட்ட சிவப்புக் கோட்டுக்கு உள்ளே இருக்கிற வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டுத் தருவார்கள். வெளியே இருந்தால் ஒன்றுமில்லை. ஓடுபாதை நீளப்போகிற பக்கத்தில் மாரிமுத்து, தங்கராசு என்று அண்ணன் தம்பி இருவர், நடுவில் ஒரே சுவர் வைத்துக் கட்டிய வீடு. கோடு அந்தச் சுவர் மேலேயே போயிருந்தது. தம்பி உள்ளே, அண்ணன் வெளியே. செய்தி தெரிந்த நாளிலிருந்து அண்ணன் தம்பியோடு பேசவில்லை. அண்ணன் வீட்டில்தான் ஆறு மாதப் பேரக்குழந்தை. மாரிமுத்து என்னைச் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கூட்டிப்போய்க் காட்டினார். "சத்தம் இந்தச் செவுரோட நின்னுடுமா சார்?"

எங்கள் தில்லை நகர் ஆபீஸில் மறு அளவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, என் தொல்லை தாங்காமல் அனுமதித்தார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு. அண்ணன் வீட்டை ஒட்டிய சந்து வரைக்கும் கோட்டைத் தள்ளினார்கள். அன்று தங்கராசு டீ எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குள் போனதைப் பார்த்தேன். பல மாதங்களில் அன்றுதான் எனக்கு நிம்மதியாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு சந்தில் இறங்கினேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தார். "அப்ப எங்க வீட்டு வாசலோட நின்னுடுச்சுங்களா?"

சத்தம் எவ்வளவு என்று எந்தத் தெருவிலும் அளந்து கொடுத்துவிடலாம், எந்த வீட்டோடு முடிகிறது என்று சொல்லத்தான் இன்னும் மீட்டர் வரவில்லை.